பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்டினால் படம் கருப்பு வெள்ளையாக வருவது ஏன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று இருக்கிறது. அக்கா கல்யாண டிஸ்க்குகளைப் புது ஸ்மார்ட் டிவியில் பார்க்க வேண்டும். டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகள் இல்லை. எச்டிஎம்ஐ இரண்டும் ‘ஏவி இன்’ என்று எழுதிய ஒரு சின்னத் துளையும்தான் இருக்கின்றன. கடையில் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. டிவியோடு வந்த குட்டை ஒயரில் மாட்டினால் படம் வருகிறது, ஆனால் கருப்பு வெள்ளை. சத்தத்துக்குப் பதில் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல். பிளேயர் போய்விட்டதா, புதிது வாங்க வேண்டுமா? எந்த ஒயர் எங்கே போகும் என்பதைவிட, இந்தப் பெட்டியை இனிமேலும் நம்பலாமா என்பதுதான் உங்கள் கவலை என்று படுகிறது.

டிவி, டெக், பிளேயர் என்று பல வருடங்களாகப் பழுது பார்க்கிறவன் நான். உங்கள் பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது. கருப்பு வெள்ளையாக இருந்தாலும் படம் நிலையாக ஓடுகிறது என்றால், லென்ஸ் டிஸ்க்கைப் படிக்கிறது, மோட்டார் சரியான வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் போர்டு படத்தைப் பிரித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். பிளேயரில் செலவு வைக்கிற பாகங்கள் இவைதான். மூன்றும் வேலை செய்கின்றன. புதிது வாங்க அவசரப்படாதீர்கள்.

கருப்பு வெள்ளைக்கும் இரைச்சலுக்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கணிப்பு. இரண்டும் சேர்ந்து வருவதால் ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். பிளேயரின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரு தொகுதி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு தொகுதி இருக்கும். ஆக, சிவப்பு சாக்கெட் மட்டும் இரண்டு. ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று படத்துக்கு. அளவிலும் வடிவத்திலும் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் மூன்று பின்னும் எதில் வேண்டுமானாலும் போய் உட்காரும். உங்கள் ஒயர் பச்சை, நீலம், சிவப்பு தொகுதியில் மாட்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் பின் பச்சையில், வெள்ளை பின் நீலத்தில்.

அப்படி மாட்டினால் என்ன ஆகும்? மஞ்சள் சாக்கெட்டில் படம் முழுவதும் ஒரே கம்பியில் வரும், வெளிச்சமும் நிறமும் கலந்தே வரும். இதைக் காம்போசிட் என்பார்கள். வெள்ளை இடப்பக்கச் சத்தம், சிவப்பு வலப்பக்கச் சத்தம். பச்சை, நீலம், சிவப்பு தொகுதிக்குக் காம்போனென்ட் என்று பெயர். அதில் படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்புகிறார்கள். பச்சையில் வெளிச்சம் மட்டும் வரும். நிறத்தைப் பற்றிய தகவல் நீலத்திலும் சிவப்பிலும் தனியாக வரும். சத்தம் இந்த மூன்றில் எதிலும் கிடையாது, அதற்குத் தனியாக வெள்ளை, சிவப்பு ஒயர் போட வேண்டும். பச்சையை மட்டும் டிவியின் படத் துளைக்குக் கொடுத்தால் வெளிச்சம் மட்டும் போய்ச் சேர்ந்து அழகான கருப்பு வெள்ளைப் படம் தெரியும். நிறத் தகவல் சுமந்து வரும் கம்பிகள் சத்தத்துக்கான துளையில் போய் முடிவதால் ஸ்பீக்கர் அதைச் சத்தம் என்று நினைத்து உறுமும். காட்சி மாறும்போது இரைச்சலும் லேசாக மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மாறினால் சந்தேகமே இல்லை. மூன்று பின்னையும் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றினால் போதும், கலரும் சத்தமும் சேர்ந்தே வந்துவிடும்.

கருப்பு வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்கு வாய்ப்புக் குறைவு. பழைய டிவி காலத்தில் நம் ஊர் ஒளிபரப்பு ‘பால்’ (PAL) என்ற முறையில் இருந்தது: 625 கோடுகள், நொடிக்கு 25 பிரேம். அமெரிக்கா, ஜப்பான் பக்கம் ‘என்டிஎஸ்சி’ (NTSC) இருந்தது: 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். பிளேயர் ஒன்றை அனுப்ப, டிவி இன்னொன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் நிறம் போய்விடும், சில நேரம் படம் மேலும் கீழும் உருளும். இன்றைய டிவிகள் இரண்டையும் தாமாகவே கண்டுகொள்கின்றன. பழைய டியூப் டிவிகளில்தான் இது பெரிய தலைவலி. சந்தேகம் இருந்தால் பிளேயரின் செட்டப் மெனுவில் ‘டிவி சிஸ்டம்’ என்ற இடத்தில் பால் அல்லது ஆட்டோ என்று வைத்துவிடுங்கள்.

சரி, அந்தச் சின்னத் துளைக்கு வருவோம். 3.5 மில்லிமீட்டர் துளை அது. பார்ப்பதற்கு ஹெட்போன் துளை மாதிரியே இருக்கும். பல டிவிகளில் ஹெட்போன் துளையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள். அதில் செருகும் பின்னைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் உலோகத்தில் மூன்று கருப்பு வளையங்கள் தெரியும். அந்த வளையங்கள் பின்னை நான்கு துண்டுகளாகப் பிரிக்கின்றன: படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு இரண்டு, எர்த்துக்கு ஒன்று. சிக்கல் என்னவென்றால், எந்தத் துண்டு எதற்கு என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஒருவருடைய ஒயர் இன்னொருவர் டிவியில் மாட்டும், ஆனால் வேலை செய்யாமல் போகலாம். டிவியோடு பெட்டியில் வந்த ஒயரே உங்களிடம் இருப்பது நல்ல விஷயம். அதைத் தொலைக்காமல் பிளேயரோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களிடம் அந்த ஒயர் இல்லாமல் போயிருக்கலாம். வெளியில் வாங்கினால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். படம் வரவில்லை என்றால் மஞ்சள் சாக்கெட்டில் மஞ்சள் பின்னை எடுத்துவிட்டுச் சிவப்பைச் செருகிப் பாருங்கள், பிறகு வெள்ளையை. ஏதாவது ஒன்றில் தெளிவான படம் வந்தால் பின்களின் நிறம் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது, அப்படியே மாற்றி மாட்டிப் பயன்படுத்தலாம். எப்படி மாற்றினாலும் கிழிந்த படமும் உறுமலும்தான் வருகிறது என்றால் எர்த் துண்டு மாறியிருக்கிறது. அந்த ஒயர் உங்கள் டிவிக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: இந்தப் பின் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றாலும் இதே கோளாறுகள் எல்லாம் வரும். ‘டிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

கன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சின்னப் பெட்டிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று மூன்று கலர் ஒயரை எச்டிஎம்ஐயாக மாற்றுவது. இன்னொன்று எச்டிஎம்ஐயை மூன்று கலர் ஒயராக மாற்றுவது, அதாவது புது செட்டாப் பாக்ஸைப் பழைய டிவியில் மாட்டுவதற்கானது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே அச்சு: அதே அளவு, அதே சாக்கெட்டுகள், அதே அட்டைப்பெட்டி. ஆனால் இவை ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் எதுவும் வராது. உங்களுக்கு வேண்டியது முதல் ரகம். மூன்று கலர் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ‘இன்புட்’ என்றும், எச்டிஎம்ஐ பக்கத்தில் ‘அவுட்புட்’ என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கடைக்காரர் தவறான ரகத்தைக் கொடுத்திருக்கிறார், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரகம் சரி என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது மின்சாரம். அந்தப் பெட்டிக்கு 5 வோல்ட் வேண்டும், பக்கவாட்டில் அதற்கென்று ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே மின்சாரம் வந்துவிடும் என்று நினைத்து இதை மாட்டாமல் விடுபவர்கள் நிறைய. டிவியின் யுஎஸ்பியிலிருந்தும் கொடுக்கலாம், ஆனால் சில டிவிகளில் அது போதாது. சாதாரண மொபைல் சார்ஜர் நம்பகமானது. பெட்டியில் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிந்தால் பிளேயரை அணைத்தே வைத்துவிட்டு டிவியைப் பாருங்கள். பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் உள்ளே எதுவும் வராதபோதும் நீலத் திரையையோ கருப்புத் திரையையோ டிவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது டிவி ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லாது. விளக்கு எரிந்தும் அப்படிச் சொன்னால் எச்டிஎம்ஐ ஒயரையும் டிவியின் துளையையும் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் கன்வெர்ட்டர்தான் கெட்டிருக்க வேண்டும். நீலத் திரை வந்து படம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பிளேயர் பக்கத்து ஒயரில். நீங்கள் கன்வெர்ட்டரிலும் அதே பச்சை, நீலத் தொகுதியிலிருந்துதான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அது மட்டுமே ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்துக்குக் காரணமாக முடியாது. பெரும்பாலும் ரகம் அல்லது மின்சாரம், இரண்டில் ஒன்றில் பிசகு இருக்கும். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின், நடுவில் பெட்டியே இல்லை என்று ஓர் ஒயர் விற்கிறார்கள். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல், மஞ்சள் ஒயரில் போவது அனலாக். நடுவில் சில்லு வைத்து மாற்றாமல் வெறும் செம்புக் கம்பி அந்த வேலையைச் செய்யாது.

உங்கள் டிவியில் ஏவி துளை இருக்கும்போது கன்வெர்ட்டர் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். டிவிடியில் இருப்பதே, பால் முறையில் 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படம்தான். கன்வெர்ட்டரில் 1080 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது புள்ளிகளை ஊதிப் பெரிதாக்குமே தவிர, டிஸ்க்கில் இல்லாத தெளிவைக் கொண்டு வராது. விசிடி இன்னும் மோசம், 352க்கு 288. பெரிய திரையில் விசிடி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஒயரையோ பிளேயரையோ குறை சொல்ல முடியாது.

ஒயரெல்லாம் சரியாக மாட்டியும் மஞ்சளில் படமே வரவில்லை என்றால், டிஸ்க் சுற்றுகிறது, முன்பக்கத்தில் நேரம் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால், பிளேயரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ரிமோட்டில் ‘பி-ஸ்கேன்’ அல்லது ‘வி-மோடு’ என்று ஒரு பட்டன் இருக்கும். குழந்தைகள் கைபட்டு அது அழுந்தினால் பிளேயர் புரோகிரசிவ் முறைக்குப் போய், படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு தொகுதிக்கு மட்டும் அனுப்பத் தொடங்கிவிடும். பல மாடல்களில் அப்போது மஞ்சள் சாக்கெட் செத்ததுபோல் கிடக்கும், அல்லது குப்பையாகப் படம் வரும். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்திச் சில நொடிகள் பொறுத்துப் பாருங்கள், ஏதோ ஓர் அழுத்தலில் படம் திரும்பிவிடும். ‘பிளேயர் போயிடுச்சு’ என்று கடைக்குத் தூக்கி வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு பட்டனை அழுத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மெனுவில் ‘வீடியோ அவுட்புட்’ என்று தனியாக இருந்தால் அதையும் காம்போசிட் என்று வைத்துவிடுங்கள். டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அழுத்தி ‘ஏவி’யைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சத்தத்தில் ஒரு விஷயம் பலரை வாட்டுகிறது. சினிமா டிஸ்க் போட்டால் வசனம் கிசுகிசுவென்று கேட்கிறது, சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டையில் வீடே அதிர்கிறது. டிஸ்க்கில் ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி இருக்கிறது, அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் இருப்பது டிவியின் இரண்டு ஸ்பீக்கர்கள். பிளேயரின் ஆடியோ மெனுவில் ‘டவுன்மிக்ஸ்’ என்பதை ‘ஸ்டீரியோ’ என்று வையுங்கள். நடு ஸ்பீக்கரின் ஒலி இரண்டு பக்கமும் பகிர்ந்து வரும். ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘டிஆர்சி’ என்று ஒன்று இருந்தால் அதையும் ஏற்றி வையுங்கள், சத்தமான இடங்கள் அடங்கும். எச்டிஎம்ஐ உள்ள பிளேயரில் படம் வந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால் டிஜிட்டல் ஆடியோவை ‘ரா’ என்பதிலிருந்து ‘பிசிஎம்’முக்கு மாற்ற வேண்டும். கல்யாண வீடியோ டிஸ்க்குகளில் பெரும்பாலும் இரண்டு பக்க ஒலிதான் இருக்கும், இந்தத் தொல்லை வராது. ஆனால் அவற்றில் வேறொரு தொல்லை உண்டு. பழைய வீடியோக்கள் 4:3 அளவில் எடுத்தவை. டிவி அதை 16:9க்கு இழுத்து நிரப்பும்போது எல்லோர் முகமும் அகன்று தெரியும். டிவியின் பட அளவை 4:3 ஆக்குங்கள். இரண்டு ஓரத்திலும் கருப்புப் பட்டை வரத்தான் செய்யும், ஆனால் அக்கா அக்காவாகத் தெரிவார்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். ஒயர் மாட்டுவதற்கு முன் டிவி, பிளேயர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டு பின் பிளக் கொண்ட பிளேயர்களில் எர்த் கிடையாது. உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் ஒரு சின்னக் கெபாசிட்டர் வழியாக லேசாக மின்சாரம் வெளி உலோகத்துக்குக் கசியும். டெஸ்டரை பிளேயரின் சாக்கெட் வளையத்தில் வைத்துப் பாருங்கள், மங்கலாக எரியும். கையில் சுருக்கென்று தெரிவதும் அதனால்தான். அளவு மிகக் குறைவு, ஆளுக்கு ஆபத்தாகாது. ஆனால் மூன்று கலர் பின்களில் நடுக்கம்பிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் கசிவு மொத்தமும் நடுக்கம்பி வழியாக உள்ளே இருக்கும் சில்லுக்குள் பாயலாம். பிளேயரோ டிவியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கி மாட்டுவதால் ஏவி, எச்டிஎம்ஐ துளைகள் செத்துப்போன செட்டுகள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இடி மழை நாளில் கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள். கேபிள் வழியாக டிவிக்குள் இறங்கும் மின்னல், எச்டிஎம்ஐ வழியாகப் பிளேயரையும் தேடிப் போகும்.

ஒருவேளை புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எச்டிஎம்ஐ உள்ள சாதாரண டிவிடி பிளேயர் போதும். ப்ளூரே பிளேயரிலும் டிவிடி ஓடும்; ஆனால் 2013க்குப் பிறகு வந்த ப்ளூரே பிளேயர்களில் மஞ்சள் சாக்கெட்டை எதிர்பார்க்காதீர்கள், உரிம விதிகளின்படி அனலாக் படத்தை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டு வரும் கம்பெனி டிஸ்க்குகளில் மண்டலப் பூட்டு இருக்கலாம், அதாவது அந்த மண்டலத்துக்கான பிளேயரில் மட்டுமே ஓடும். டிவிடிக்கு மண்டல எண்கள்: இந்தியா 5, சிங்கப்பூர், மலேசியா 3, இங்கிலாந்து 2, அமெரிக்கா 1. வீட்டு விசேஷ டிஸ்க்குகளில் இந்தப் பூட்டு கிடையாது. கம்ப்யூட்டருக்கான யுஎஸ்பி டிவிடி டிரைவை நேராக டிவியில் செருகலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். டிவிகள் அதைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை, அதற்காகப் பணம் போடாதீர்கள்.

அந்த டிரைவ் வேறொன்றுக்குக் கண்டிப்பாக உதவும். கல்யாண டிஸ்க் என்பது சினிமா டிஸ்க் மாதிரி அச்சில் அழுத்தியது இல்லை. சாயப் பூச்சின் மேல் லேசரால் எழுதியது. அந்தச் சாயம் வருடக் கணக்கில் மெல்ல வெளிறும், வெயிலும் ஈரமும் அதை விரைவாக்கும். எப்போது போகும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. சில டிஸ்க் இருபது வருடம் கழித்தும் ஓடுகிறது, சில ஐந்து வருடத்தில் நடுவில் நின்றுவிடுகிறது. உங்கள் பிளேயர் இன்று அதைப் படிக்கிறது, அதனால் இந்த வாரமே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுத்துவிடுங்கள். டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரில் ‘விஓபி’ கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாது. விசிடியில் ‘எம்பெக் ஏவி’ ஃபோல்டரில் ‘டாட்’ கோப்புகள் இருக்கும். ஃபோல்டரோடு பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். சில டிவிகள் அப்படியே ஓட்டும், ஓட்டவில்லை என்றால் எம்பி4 ஆக மாற்றினால் ஓடும். நகல் எடுக்கும்போது டிஸ்க் திக்கினால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். நகலை ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை ஓட விட்டுப் பாருங்கள், தாலி கட்டும் இடம் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதை முதலில். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள்.